ராயபுரம் வீட்டில் எஸ்.எஸ். கம்பிவலைத் தடுப்பு: வலையை விட ஓரத்தில்தான் வேலை அதிகம்

எங்கள் வீடு சென்னை ராயபுரத்தில், கடலுக்கு மூன்று தெரு உள்ளே. ஹாலுக்கும் மாடிப்படிக்கும் நடுவே நான் போட்ட எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பிவலைத் தடுப்பு ஒரு முழு வடகிழக்குப் பருவமழையைத் தாண்டிவிட்டது. வலையில் துரு ஏறவில்லை, தொய்வு விழவில்லை, பிள்ளைகள் படியில் தடதடவென்று இறங்கினாலும் சத்தம் போடவில்லை. மூன்றும் சரியாக வந்த பிறகு எழுதலாம் என்றுதான் இவ்வளவு நாள் காத்திருந்தேன். கடலோரத்தில் வீடு வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருப்பவர்களுக்கு அளவும் செலவும் உதவும்.

முன்பு அந்த இடத்தில் இருந்தது சாதாரண இரும்பு கிரில். வருடா வருடம் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, பெயின்ட் பூசுவோம். மேல்பாதி நன்றாகவே இருந்தது. தரையோடு ஒட்டி நின்ற அடிச்சட்டம்தான் செதில் செதிலாக உரிந்து, விரலால் தட்டினாலே உதிரும் நிலைக்கு வந்துவிட்டது. தினமும் வீடு துடைக்கும் தண்ணீர் அந்தச் சட்டத்துக்கு அடியில்தான் தங்கும். கடல்காற்றில் வரும் உப்பும் அங்கேயே சேரும். கிரில்லைப் பிடுங்கியபோது கால்கள் தரைக்குள்ளேயே முறிந்து நின்றுவிட்டன.

மூடிய தடுப்பு எங்களுக்கு ஒத்துவராது. மொட்டைமாடிக் கதவு வழியாகப் படியில் இறங்கும் காற்றும் வெளிச்சமும்தான் ஹாலுக்கு ஆதாரம். கண்ணாடி வைத்தால் வெளிச்சம் வரும், காற்று நின்றுவிடும். பிளைவுட் ஜாலி அழகாக இருக்கும், ஆனால் ஈரக்காற்றில் ஓரம் உப்பிவிடும் என்று அக்கா வீட்டில் பார்த்திருக்கிறேன். குழந்தை ஏறவும் முடியாமல், காற்றும் தடைபடாமல் இருக்க வேண்டும். அப்படித்தான் கம்பிவலைக்கு வந்தேன்.

வலையைக் கட்டடத்துக்குள் அழகாகப் பயன்படுத்திய வேலைகளைத் தேடினால் முதலில் வந்து நிற்பது பாரிஸில் உள்ள பிரான்ஸ் தேசிய நூலகம். டொமினிக் பெரோ வடிவமைத்து 1996-ல் வாசகர்களுக்குத் திறந்த கட்டடம். உள்ளே சுவர்களிலும் கூரைகளிலும் நெய்த எஸ்.எஸ். வலை துணித்திரை போலத் தொங்கும். அந்தப் படங்களைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அந்த வகை வலை தானாக நிற்காது. மேலும் கீழும் ராடு கோத்து, முறுக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த இழுவிசை முழுக்க மேல்தளத்தில் இறங்கும். எங்கள் மேல்தளமோ மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளும் அவற்றின் மேல் செருகி அடுக்கிய செங்கல்லும் சுண்ணாம்பும். அதைப் பிடித்து இழுக்க எனக்கு மனம் வரவில்லை. எடை முழுவதும் தரையில் இறங்க வேண்டும், மேலே சும்மா ஆடாமல் பிடித்தால் போதும் என்று முடிவு செய்தேன். அப்படியானால் இழுக்காமலே விறைப்பாக நிற்கும் கிரிம்ப் வலைதான் சரி. கம்பியை முதலிலேயே வளைவு வளைவாக மடித்து, அந்த மடிப்புக்குள் குறுக்குக் கம்பி உட்காரும்படி பின்னுவார்கள். சல்லடைக்கும் ஜல்லி சலிக்கவும் போவது இந்த வகைதான்.

பெரிய வேலையில் இறங்கும் முன் ஒரு சின்னச் சோதனை. சமையலறைக்கு மேல் இருந்த 2 அடிக்கு 3 அடி திறப்புக்கு ஒரு பேனல். 25-க்கு 25 எஸ்.எஸ். சதுர பைப்பில் சட்டம், 304 கிரேடு (எஸ்.எஸ்.-ல் ஒரு ரகம்) வலை, வலையின் கம்பி நுனிகளை நேராகச் சட்டத்தில் வைத்து டிக் வெல்டிங்கில் (ஆர்கான் வாயு பாய்ச்சிச் சுடும் முறை) பொட்டு பொட்டாகச் சுடுவது. பார்க்க எளிய வழி. திருவொற்றியூர் பக்கம் ஒரு பட்டறையில் வேலை செய்யும் அண்ணன் அப்போதே சொன்னார்: "நேரா வெச்சி சுட்டா ஒட்டிக்கும் தம்பி. ஆனா கம்பி சன்னம், சட்டம் தடிப்பு. சுடுற சூட்டுல கம்பிதான் வெந்துபோவும்." செய்து பார்ப்போம் என்றேன்.

அந்தப் பேனலில் இரண்டு குறை வந்தது. ஒன்று, ஒவ்வொரு பொட்டும் ஆறும்போது வலையை ஒரு பக்கம் இழுத்தது. எல்லாம் முடிந்தபோது நடுவில் வலை வயிறு தள்ளி நின்றது. எஸ்.எஸ். சூட்டில் சாதாரண இரும்பை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும், சூட்டைக் கடத்துவதோ அதில் மூன்றில் ஒரு பங்குதான். சுட்ட இடத்திலேயே சூடு தேங்கி, அங்கேயே இழுத்துக்கொள்கிறது. இரண்டாவது குறை மழைக்காலத்தில் தெரிந்தது. வலையின் நடுப்பகுதி பளிச்சென்று இருக்க, ஓரத்தில் சுட்ட இடங்களைச் சுற்றி மட்டும் டீக்கறை நிறத்தில் வளையம் வளையமாகப் படிந்தது. நீலமும் பழுப்புமாகத் தெரியும் அந்தச் சூட்டுத் தடத்தில் மேல்தோலின் குரோமியப் பாதுகாப்பு போய்விடுகிறது. உப்பு அங்கே நுழைகிறது.

அந்தச் சின்னப் பேனல்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது. வலையைச் சுடவே கூடாது. சட்டத்தை மட்டும் சுட்டுச் சுத்தம் செய்து முடித்துவிட்டு, வலையைக் கடைசியில் எல் வடிவ ஆங்கிளுக்கும் ஒரு தட்டைப் பட்டைக்கும் நடுவே நசுக்கி ஸ்குரூ போட்டுப் பிடிப்பது.

இனி அளவு. திறப்பு 2700 மி.மீ. அகலம், 2100 உயரம். கிரிம்ப் வலை 3 அடி அகலச் சுருளில், அதாவது 914 மி.மீ.-ல், எளிதாகக் கிடைக்கும். அதை மனதில் வைத்துத்தான் பேனல் அகலம் வைத்தேன்: 890. மூன்று பேனல், நடுவிலும் இரு ஓரங்களிலும் ஏழரை மி.மீ. இடைவெளி. உயரம் 2050. மேலே 10 மி.மீ., கீழே 40 மி.மீ. காலி. அந்தக் கீழ் 40-ஐ மட்டும் எதற்காகவும் குறைக்காதீர்கள். துடைப்பமும் மாப்பும் அடியில் புகுந்து வர வேண்டும், தண்ணீர் ஒரு நிமிடம் கூட சட்டத்தோடு ஒட்டி நிற்கக் கூடாது. பழைய கிரில்லைக் கொன்றது அந்த இடம்தான்.

வலை: 2 மி.மீ. கம்பி, 10 மி.மீ. கண் (கம்பிகளுக்கு நடுவே உள்ள சதுர ஓட்டை). ஒரு கம்பி நடுவிலிருந்து அடுத்த கம்பி நடுவுக்கு 12. இந்தக் கணக்கில் திறந்த பரப்பு 69 சதவீதம். காற்று தாராளமாக வரும். குழந்தையின் கால்விரல் நுழைந்து ஏறும் அளவுக்குக் கண் பெரிதில்லை. எடையைக் கடைக்காரர் சொல்வதற்கு முன் நாமே போட்டுப் பார்க்கலாம்: கம்பி விட்டத்தை மி.மீ.-ல் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, பிறகு 12.46-ஆல் பெருக்கி, கம்பி நடு இடைவெளியால் வகுத்தால் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். என் வலைக்கு 4.15 கிலோ. வலை கிலோக் கணக்கில்தான் விற்கிறார்கள், அதனால் இந்தக் கணக்கு கையில் இருப்பது நல்லது. கம்பி 2 மி.மீ. என்று சொல்லி 1.8 கொடுத்தால் எடையிலேயே பிடிபடும்.

கிரேடு விஷயத்தில்தான் அதிகம் யோசித்தேன். 304-ல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். 316-ல் கூடுதலாக மாலிப்டினம் 2-லிருந்து 3 சதவீதம். உப்பைத் தாங்குவதில் அந்த மாலிப்டினம்தான் வித்தியாசம். கடைகளில் 202 என்று ஒன்றும் இருக்கிறது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியது. பளபளப்பில் மூன்றும் ஒன்றுதான். 202-ஐக் கடலோரத்தில் யாரும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள் என்று பலரும் சொல்வார்கள். வலைக்கு அது உதவாது. 304 கம்பியை இழுத்து மடிக்கும்போது லேசாகக் காந்தம் பிடிக்கத் தொடங்கிவிடும். 202-வும் பட்டையாக இருக்கும்போது காந்தம் பிடிக்காது. நல்ல சரக்கைத் தள்ளிவிட்டு மட்டமானதை வாங்கி வர நேரும். நான் மாலிப்டினம் பார்க்கும் சொட்டு மருந்தும் ஒன்பது வோல்ட் பேட்டரியும் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லி, கம்பியில் சொட்டு வைத்து, பேட்டரியை ஒரு நொடி தொட்டால், மாலிப்டினம் இருந்தால் நிறம் மாறும். பக்கத்தில் 304 துண்டு ஒன்றையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் கண் ஏமாற்றும். செம்புதாஸ் தெருவில் கடைக்காரர் முகம் சுளிக்காமல் தானே துண்டு வெட்டிக் கொடுத்தார்.

வலைக்கு மட்டும் 316, சட்டத்துக்கு 304 என்று பிரித்துக்கொண்டேன். இதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பேனலில் மட்டும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் கம்பிச் சந்திப்புகள். ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு கம்பிகள் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய இடுக்கு. அங்கே உப்பு போய் உட்கார்ந்தால் துணி எட்டாது, பிரஷ்ஷும் அரைகுறையாகத்தான் எட்டும். சட்டம் அப்படியில்லை, துடைத்தால் போய்விடும். காசை எங்கே போட வேண்டுமோ அங்கே போட்டேன்.

ஆங்கிளும் பட்டையும் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் வாங்கினேன். ஆங்கிள் 25-க்கு 25-க்கு 3, பட்டை 20-க்கு 3. ஒரு பேனலின் சுற்றளவு 5.88 மீட்டர், ஒரு ஆங்கிளின் நீளம் 6 மீட்டர். ஒரு பேனலுக்கு ஒரு முழு ஆங்கிள், கழிவு ஏறக்குறைய இல்லை. வெட்டு பிளேடு தின்னும் மி.மீ.-களையும் கணக்கில் வைத்துத்தான் 890, 2050 என்று நிறுத்தினேன்.

பட்டறையில் நான் கறாராக இருந்த ஒரே விஷயம் இரும்புத் தூள். அதே மேஜையில் காலையில் யாரோ வீட்டு ஜன்னல் கிரில்லை அறுத்திருப்பார்கள். அந்தத் தூளும் பொறியும் எஸ்.எஸ். மேல் ஒட்டினால், துருப்பிடிப்பது அந்த இரும்புதான், ஆனால் பார்ப்பவர்கள் எஸ்.எஸ். துருப்பிடித்துவிட்டது என்பார்கள். மேஜை மேல் பிளைவுட் விரித்தோம். எஸ்.எஸ்.-க்கென்று தனி வெட்டு பிளேடு, தனி கம்பி பிரஷ், அதுவும் எஸ்.எஸ். கம்பியில் செய்தது. அண்ணன் சலித்துக்கொள்ளவில்லை. "நீ சொல்றது நியாயம்தான், நாங்கதான் அவசரத்துல எல்லாத்தையும் ஒரே பிளேடுல வெட்டிடறோம்" என்றார்.

மூலைகளை 45 டிகிரியில் வெட்டி, நான்கு மூலையும் பொட்டு வைத்து, மூலைவிட்டம் அளந்தோம். 2235 வர வேண்டும். முதல் சட்டத்தில் ஒரு பக்கம் 2238, மறுபக்கம் 2232. கிளாம்ப் போட்டு இழுத்து வித்தியாசத்தை 2-க்குள் கொண்டுவந்த பிறகுதான் முழு வெல்டிங். ஒரு மூலை சுட்டால் அடுத்து எதிர்மூலை, பக்கத்து மூலை இல்லை. வெல்டிங்கில் உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் ராடு 308எல் ரகம்.

சுட்ட இடங்களைப் பிக்லிங் பேஸ்ட் பூசிச் சுத்தம் செய்தோம். இதை எழுதும்போது தயக்கம் வருகிறது, ஏனென்றால் இதில் நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் இருக்கிறது. அது தோலில் பட்டால் முதலில் வலியே தெரியாமல் உள்ளே இறங்கிவிடும். தடித்த ரப்பர் கையுறை, முகக்கவசம், திறந்த வெளி, பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல். இவ்வளவும் இல்லாமல் டப்பாவைத் திறக்கக் கூடாது. பட்டால் தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஜெல் தடவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டுக்குள் செய்யவே வேண்டாம். பழக்கமில்லாதவர்கள் பட்டறைக்காரரிடமே விட்டுவிடுங்கள். அந்தப் பேஸ்ட் போட்டுக் கழுவிய மூலைகள் சாம்பல் நிறத்தில் மங்கலாக வந்தன. ஸ்காட்ச்-பிரைட் போட்டு ஒரே திசையில் தேய்த்ததும் மற்ற இடத்தோடு சேர்ந்துகொண்டது. அந்த மூலைகளில் கடல்காற்றால் இன்று வரை ஒரு பழுப்புப் புள்ளி கூட வரவில்லை.

அடுத்து வலையை வெட்டுவது. சுருளாக வந்த வலைக்கு வளைவு ஞாபகம் இருக்கும். எதிர்ப்பக்கம் சுருட்டி, மொட்டைமாடியில் விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து இரவு முழுக்க விட்டேன். வெட்டும்போது டேப் வைத்து அளக்கவில்லை, கண்களை எண்ணினேன். அகலத்தில் 73 கண், நீளத்தில் 170 கண். அதாவது 876-க்கு 2040. கண் எண்ணி வெட்டினால் வெட்டுக்கோடு கம்பியோடு இணையாகவே போகும். டேப் வைத்துக் கோடு போட்டால் ஒரு கண் அந்தப் பக்கம் ஏறியிருப்பது வெட்டிய பிறகுதான் தெரியும். சட்டத்துக்குள் வலை ஒரு கண் சாய்ந்தாலும் ஹாலின் மறுகோடியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும், அவ்வளவு கறாரான கோடுகள் அவை. ஒவ்வொரு ஓரத்திலும் கடைசிக் கம்பி முழுசாக நிற்கும்படி, அதற்கு வெளியே ஒட்டி வெட்ட வேண்டும். அந்தக் கம்பிதான் குறுக்குக் கம்பிகளின் நுனியைப் பிரியாமல் பிடிக்கிறது. போல்ட் கட்டர் போதும். தோல் கையுறை கட்டாயம், நுனிகள் ஊசி. ஒவ்வொரு நுனியையும் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தேன். பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் குழந்தை கை வைக்கும் இடம்.

ஸ்குரூ துளைகளுக்கு முதலில் 150 மி.மீ. இடைவெளி என்று கோடு போட்டிருந்தேன். வலையை வைத்துப் பார்த்தால் முதல் துளை கண்ணின் நடுவில், அடுத்தது நேராகக் கம்பி மேல். 150-ஐ 12 வகுக்காது, அவ்வளவுதான். 144 என்று மாற்றினேன்: பன்னிரண்டு கண்ணுக்கு ஒரு ஸ்குரூ. எல்லாத் துளையும் கண்ணின் நடுவில் வந்து உட்கார்ந்தது. ஆங்கிளின் உள்சுவரிலிருந்து துளை நடுவு 10 மி.மீ. நெடும் பக்கங்களில் வலைக்கும் சுவருக்கும் நடுவே 4 மி.மீ. விட்டிருந்ததால் முதல் கண்ணின் மையமும் அதே 10-ல், 20 மி.மீ. பட்டையின் மையமும் அதே 10-ல். இந்த மூன்றும் ஒரே கோட்டில் வந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

ஸ்குரூ எம்5, அதாவது 5 மி.மீ. விட்டம். ஆங்கிளில் 4.2 மி.மீ. துளை போட்டு டாப் அடித்தேன், அதாவது துளைக்குள் மரை வெட்டினேன். எஸ்.எஸ்.-ல் வேகமாகச் சுற்றும் டிரில்லை லேசாக அழுத்தினால் அந்த இடம் கெட்டிப்பட்டுப் பளபளவென்று ஆகிவிடும், அப்புறம் எந்த பிட்டும் இறங்காது. கோபால்ட் பிட், மெதுவான சுற்று, கட்டிங் ஆயில், விடாத அழுத்தம். சீவல் சுருளாக வந்தால் சரியாகப் போகிறது, தூளாக வந்தால் நிறுத்திவிட வேண்டும். ஸ்குரூ தலையில் ஏ4 என்று பொறித்திருப்பதையே வாங்கினேன், அது 316 வகை. ஏ2 என்றால் 304 வகை.

எஸ்.எஸ். ஸ்குரூ எஸ்.எஸ். மரையில் போகும்போது சட்டென்று கடித்துக்கொள்ளும். பிறகு முன்னும் போகாது, பின்னும் வராது, தலை முறிவதுதான் மிச்சம். அதனால் ஆன்டி-சீஸ் பேஸ்ட்டை ஒவ்வொரு மரையிலும் பூசி, இம்பாக்ட் டிரைவரைத் தொடாமல், கையால் முறுக்கினேன். ஒரு பேனலுக்கு நாற்பது ஸ்குரூ. தோள் வலித்தது, ஆனால் ஒன்று கூட முறியவில்லை.

வலையைப் பிடிக்கும்போது ஒரு பக்கத்தை முழுக்க முறுக்கிவிட்டு மறுபக்கம் போகக் கூடாது. நான்கு பக்கமும் நடு ஸ்குரூவை லேசாகப் பிடித்து, அங்கிருந்து மூலைகளை நோக்கிப் போனேன். சந்திப்புகளில் வலையின் தடிமன் 4 மி.மீ., அதனால் ஆங்கிளுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு இடுக்கு தெரியும். உப்புத் தூசி போய்த் தங்க அதை விட வசதியான இடம் கிடையாது. மேல் பக்கத்திலும் இரு நெடும் பக்கங்களிலும் நியூட்ரல் சிலிகான் வைத்து அடைத்தேன். வினிகர் வாடை அடிக்கும் சாதா சிலிகான் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் உலோகத்துக்கு ஆகாது. கீழ்ப் பக்கத்தை மட்டும் அடைக்காமல் விட்டேன். கழுவும் தண்ணீர் அங்கே வழிந்து வெளியேற வேண்டும். கீழ் ஆங்கிளில் மூன்று இடத்தில் 8 மி.மீ. துளையும் போட்டேன்.

பொருத்துவது எளிதாகவே முடிந்தது. ஒரு பேனல் 17 கிலோ. நானும் மச்சானும் தூக்கினோம். பேனலின் அடியில் இரண்டு கால்கள், 12 மி.மீ. எஸ்.எஸ். ராடு, 90 மி.மீ. நீளம், 40 தரைக்கு மேல், 50 தரைக்குள். எங்கள் தரை பழைய சிவப்பு ஆக்சைடு தரை. டிரில்லில் ஹாமர் போட்டு இடித்துத் துளைத்தால் சிலந்தி வலையாக வெடிக்கும். மாஸ்கிங் டேப் ஒட்டி, ஹாமரை அணைத்து, 14 மி.மீ. பிட்டால் சுற்றி மட்டும் இறக்கினேன். உள்ளே எபாக்ஸி. பக்கச் சுவர்களில் பிடித்துக்கொள்ள இரண்டிரண்டு கிளீட் (சின்ன உலோகத் துண்டு), மேலே தேக்குக் கட்டையில் சின்னக் கிளிப்புகள். அவை எடை தாங்குவதில்லை, ஆடாமல் மட்டும் பிடிக்கின்றன.

முதல் நாள் படியில் யார் இறங்கினாலும் பேனல்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. ஏழரை மி.மீ. இடைவெளிக்குள் மூன்று உயரங்களில் நைலான் வாஷர்கள் அடுக்கி, பேனலோடு பேனலைப் போல்ட் போட்டுச் சேர்த்ததும் அடங்கிவிட்டது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. படிக்குக் கீழே இருக்கும் பாத்ரூமில் டைல்ஸ் மாற்றினோம். மேலே படிந்த சிமென்ட் கறையைப் போக்க மேஸ்திரி ஆசிட் ஊற்றித் தேய்த்தார். கதவு திறந்தே கிடந்தது. மறுநாள் காலையில் அந்தப் பக்கத்துப் பேனலின் அடிப்பகுதி, ஏறத்தாழ முழங்கால் உயரத்துக்கு, பொன்பழுப்பில் இருந்தது. 316 வலையிலேயே! பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக். அதன் ஆவி போதும், எந்த எஸ்.எஸ்.-ஐயும் தாக்கும். மொட்டைமாடிக் காற்று ஒரு வருடத்தில் செய்யாததை அது ஒரு ராத்திரியில் செய்துவிட்டது.

ஸ்டீல் நார் வைத்துத் தேய்க்கலாம் என்று அத்தை எடுத்து வந்தார். வேண்டாம் என்று தடுத்தேன். அது சாதா இரும்பாக இருந்தால் அதன் துகள் கம்பியில் ஒட்டித் துருவை இன்னும் கூட்டும். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், கரைத்து, நைலான் பிரஷ்ஷால் இரு பக்கமும் தேய்த்து, அரை மணி ஈரமாகவே வைத்திருந்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். முதல் தடவையில் பாதி போனது, மறுநாள் திரும்பச் செய்ததும் முழுக்கப் போய்விட்டது. நல்லவேளை, உடனே கவனித்ததால் குழி விழவில்லை. இப்போது பாத்ரூமுக்கு அமிலம் இல்லாத சோப்புக் கரைசல்தான். வலை இருக்கும் வீட்டில் ஆசிட் பாட்டிலுக்கு இடமில்லை.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. துறைமுகத்தில் 2011-ல் நிலக்கரி இறக்குவது நின்ற பிறகு கரித்தூசி குறைந்தது, ஆனால் கண்டெய்னர் லாரிகளின் தூசி ஓயவில்லை. அது உப்போடு சேர்ந்து கம்பிகளில் பிசுபிசுப்பாகப் படியும். மாதத்துக்கு ஒரு தடவை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பிறகு மெட்ரோ வாட்டரில் அலசல், உலர்ந்த துணி. போர் தண்ணீரை இதற்குப் பயன்படுத்துவதில்லை. எங்கள் பக்கத்துப் போர் உப்புக் கரிக்கும். அதில் கழுவிக் காயவிட்டால் உப்பை நாமே பூசி வைத்ததாகிவிடும்.

வெளிச்ச விஷயம் ஒன்று, பொருத்திய பிறகுதான் புரிந்தது. வலையின் எந்தப் பக்கம் வெளிச்சம் விழுகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கம்பிகள் மின்னி, பின்னால் இருப்பது மறைகிறது. இருட்டுப் பக்கத்திலிருந்து பார்த்தால் வலையே இல்லாதது போல் தெரிகிறது. பகலில் படிப் பக்கம் வெளிச்சம், அதனால் ஹாலிலிருந்து படி முழுக்கத் தெரியும். ராத்திரி ஹாலில் டியூப் லைட் எரிந்தால் படியிலிருந்து ஹாலைப் பார்க்கலாம், ஹாலில் இருப்பவர்களுக்குப் படி தெரியாது. வாசலிலிருந்து மாடிக்குப் போகிறவர்கள் ஹாலைப் பார்க்கக் கூடாது என்றால் படிப் பக்கமும் ஒரு விளக்கு வேண்டும். தரையோடு ஒட்டி, வலையை உரசி மேல்நோக்கி அடிக்கும் சின்ன எல்இடி ஒன்று வைத்தேன். முறையில்லாமல் நேராக எதிரே வைத்தால் கண் கூசும்.

செலவு: வலை 24 கிலோ 300 கிராம், கிலோ 720 வீதம் 17,496 ரூபாய். இதுவே 304 என்றால் கிலோ 480 சொன்னார்கள், 5,800 ரூபாய் மிச்சமாகியிருக்கும். ஆங்கிள் 5,740, பட்டை 2,408. வெல்டிங் கூலியும் ஆர்கானும் சேர்த்து 6,500. ஸ்குரூ 150 வாங்கியது 1,350. பிக்லிங் பேஸ்ட் 650, சிலிகான் 960, ராடும் எபாக்ஸியும் 1,100, பிட்டும் டாப்பும் 1,250, குட்டி யானை வாடகை 900. மொத்தம் 38,354. மூன்று பேனலும் சேர்த்து 59 சதுர அடி, ஆக சதுர அடிக்கு 650 ரூபாய். என் உழைப்பையும் மச்சானின் உழைப்பையும் சேர்க்கவில்லை. சோதனைப் பேனலுக்கு ஆன 4,200-ம் தனி.

திரும்பச் செய்தால் மூன்று மாற்றம் செய்வேன். நடுப் பேனலின் கால்களை எபாக்ஸியில் புதைக்காமல், தரையில் பதித்த சாக்கெட்டில் போல்ட் போட்டு நிறுத்துவேன். மாடிக்குக் கட்டில் ஏற்ற வேண்டி வந்தபோது அந்தப் பேனலைக் கழற்ற வழியில்லாமல், கட்டிலைப் பிரித்துத்தான் கொண்டுபோனோம். இரண்டாவது, ஆங்கிளை 30-க்கு 30 ஆக்குவேன். 25-ல் எல்லாம் அடங்குகிறது, ஆனால் டாப் அடிக்கும்போது உள்சுவர் கையை இடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது, ஸ்குரூ தலைகள் இப்போது படிப் பக்கம் இருக்கின்றன. ஏறும்போது சேலை முந்தானை அவற்றில் மாட்டுகிறது என்று அத்தை சொல்லிக்கொண்டே இருக்கிறார். அடுத்த மழைக்கு முன் அவற்றைக் கழற்றி, தட்டைத் தலை ஸ்குரூ போட்டு, பட்டையில் அதற்கேற்பக் குழி எடுக்கப் போகிறேன். பட்டை 3 மி.மீ. என்பதால் எம்5 தட்டைத் தலை மட்டமாக உட்கார்ந்துவிடும் என்று ஒரு மிச்சத் துண்டில் பார்த்துவிட்டேன்.